ஏழெட்டு: வாய்பாட்டை ஒரு பிரதியாக வாசித்தல்

சென்ற மாசி மாதம் ஊரிலிருந்து அக்கா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அயலில் ஓர் அந்தியேட்டி. "சனம் வந்ததோ?" என்று கேட்டேன். "எங்க வந்தது, ஏழெட்டுப் பேர்தான்" என்றார். குசினி மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, ஐம்பத்தாறு பேர் வந்தது காணாதா?" என்று கேட்டாள்.

அக்கா சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் பிள்ளைக்கு என்ன விளக்கம் சொல்வதென்று உடனே தெரியவில்லை. இரண்டு கிழமையாக அவளுக்கு ஏழாம் வாய்பாட்டைத் தமிழில் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று நான் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள். அவள் பிழை எதுவும் விடவில்லை. எங்கள் மொழி ஒரே சொல்லுக்குள் இரண்டு கணக்கை வைத்திருக்கிறது என்பதைத்தான் கண்டுபிடித்திருந்தாள். இத்தனை வருடம் தமிழில் வாசித்தும் எழுதியும் வந்த எனக்கு அது ஒருபோதும் கண்ணில் பட்டதில்லை.

கவிதைத் தொகுப்புகளையும் நாவல்களையும் பற்றி எழுதிப் பழகிய நான், நாங்கள் எல்லோரும் முழுவதுமாகப் பாடமாக்கிய ஒரே தமிழ்ப் பிரதியைப் பற்றி எழுத நினைத்ததே இல்லை. திருக்குறளில் எங்களுக்கு இருபது முப்பது தெரிந்திருக்கும். தேவாரத்தில் பத்துப் பதினைந்து. வாய்பாடு மட்டும் முழுவதும் தெரியும். அதை நாங்கள் பிரதியென்று கருதுவதில்லை, ஏதோ கருவி என்றுதான் நினைத்திருக்கிறோம். இந்தக் கட்டுரை அதைப் பிரதியாக வாசிக்கும் முயற்சி. இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. வருகிற ஆனியில் என் பிள்ளை அதே விடயத்தில் ஒரு தேர்வு எழுதவேண்டும். அந்தத் தேர்வு வாய்பாட்டை வேறொரு விதமாக வாசிக்கிறது.

இங்கிலாந்தில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அந்தத் தேர்வு தெரியும். மற்ற நாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நாலாம் ஆண்டில், அதாவது எட்டு ஒன்பது வயதில், அரச பாடசாலைப் பிள்ளைகள் எல்லோரும் கணினித் திரையின் முன் அமர்ந்து 25 பெருக்கல் கேள்விகளுக்கு விடை தட்டவேண்டும். இரண்டாம் வாய்பாட்டிலிருந்து பன்னிரண்டாம் வாய்பாடு வரை கேட்கப்படும். ஒவ்வொரு கேள்விக்கும் 6 வினாடி, இடையில் 3 வினாடி ஓய்வு. 2022இல் இது கட்டாயமாக்கப்பட்டது. 2024இல் நாடு முழுவதற்குமான சராசரி 20.6 புள்ளி. 25க்கு 25 எடுத்த பிள்ளைகள் நூற்றுக்கு 34 பேர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகளின் சராசரி, அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுடையதைவிட உயர்வாக இருந்துவருகிறது. இந்தச் செய்தியைக் கலியாண வீடுகளில் எங்கள் ஆட்கள் எவ்வளவு திருப்தியோடு சொல்வார்கள் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

முதலில் எங்கள் பிரதியைப் பார்ப்போம். ஏழாம் வாய்பாடு:

ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொன்று, நாலேழு இருபத்தெட்டு, ஐயேழு முப்பத்தைந்து, ஆறேழு நாற்பத்திரண்டு, ஏழேழு நாற்பத்தொன்பது, எட்டேழு ஐம்பத்தாறு, ஒன்பதேழு அறுபத்துமூன்று, பத்தேழு எழுபது.

முதலில் கவனிக்கவேண்டியது இதில் வினைச்சொல் கிடையாது. ஆங்கிலப் பிள்ளை மூன்று ஏழுகள் இருபத்தொன்று 'ஆகின்றன' என்று சொல்லவேண்டும். அல்லது மூன்று 'தடவை' ஏழு என்று தொடங்கவேண்டும். தமிழில் தடவையும் இல்லை, ஆகின்றதும் இல்லை. 'அவர் ஆசிரியர்' என்று சொல்வதுபோல இரண்டு பெயர்களைப் பக்கத்தில் வைத்தால் வசனம் முடிந்துவிடும். மூவேழு இருபத்தொன்று. சமன் குறி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மூச்சு இடைவெளி மட்டும் இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் பிள்ளை ஞாபகத்தைத் தேடுகிறது.

இரண்டாவது விடயம், பெருக்கும் எண் தன் உருவத்தை மாற்றிக்கொள்கிறது. ஒன்று ஓர் ஆகிறது, இரண்டு ஈர் ஆகிறது, மூன்று மூ ஆகிறது, ஐந்து ஐ ஆகிறது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் கடைசி இயலான குற்றியலுகரப் புணரியல் எண்ணுப்பெயர்கள் ஒன்றோடொன்று சேரும்போது என்ன நடக்கும் என்பதை விரிவாகச் சொல்கிறது. அதை நான் பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்காகப் படித்தேன். ஒரு கருத்தும் மண்டையில் ஏறவில்லை. ஏழு வயதில் வாய்பாடாகச் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அந்தச் சூத்திரங்கள் பேசுகின்றன என்று அப்போது ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

இந்தப் பெருக்கற் சொற்கள் வாய்பாட்டுக்குள் மட்டும் இருந்தவையும் அல்ல. ஈரேழு உலகம் என்று எங்கள் பாட்டிமார் சொன்னபோது பதினாலைச் சொன்னார்கள். அறுபத்துநாலு கலைகள் சிலப்பதிகாரத்தில் எண்ணெண் கலை. முப்பத்திரண்டு அறங்கள் எண்ணான்கு அறம். எண்ணின் நேர்ப்பெயர் சீருக்குள்ளோ எதுகைக்குள்ளோ அடங்காதபோது புலவர்கள் பெருக்கலைத் துணைக்கு எடுத்தார்கள். கேட்டவர்களும் மனதுக்குள் பெருக்கிப் பொருள் கண்டார்கள். பெருக்கல் என்பது கணக்கு வகுப்புக்கு வெளியே, செய்யுளைக் கேட்பவரின் காதுக்குள்ளும் நடந்துகொண்டிருந்தது.

இனி மகளின் கேள்விக்கு வரலாம். நாங்கள் துல்லியமில்லாமல் பேசும்போது அடுத்தடுத்த இரண்டு எண்களைச் சேர்த்துச் சொல்கிறோம்: நாலைந்து, ஐந்தாறு, ஆறேழு, ஏழெட்டு, எட்டொன்பது. இவற்றுள் ஐந்தாறு என்பதைப் பெருக்கலோடு குழப்ப முடியாது. பெருக்கும்போது அது ஐயாறு, முப்பது. எட்டொன்பதும் அப்படித்தான். பழைய முறையில் பெருக்கினால் அது எண்ணொன்பது, எழுபத்திரண்டு. ஆனால் நாலுக்கும் ஆறுக்கும் ஏழுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. மெய்யெழுத்து வந்தால் ஆறு அறு ஆகும், அறுமுகம் போல. ஏழு எழு ஆகும், எழுகடல் போல. பின்னால் உயிரெழுத்து வந்தாலோ அவை தங்கள் நீண்ட உருவத்திலேயே நின்றுவிடுகின்றன. ஐந்து, ஏழு, எட்டு மூன்றுமே உயிரில் தொடங்கும் சொற்கள். ஆகவே நாலைந்தும் ஆறேழும் ஏழெட்டும் இரண்டு பொருளும் தருகின்றன. சொல்லுக்குப் பின்னால் 'பேர்' வந்தால் உத்தேசம், 'ஐம்பத்தாறு' வந்தால் கணக்கு.

இதை நான் அவளுக்குச் சொல்ல இரண்டு நாள் எடுத்தது. ஒரு கடதாசியில் எழுதி, உயிரெழுத்துகளைச் சிவப்பால் அடையாளமிட்டுக் காட்டினேன். அவள் உடனே நாலைந்து மாம்பழம் என்று ஒரு கணக்குப் போட்டாள். கடைக்காரர் நாலைந்து என்று சொன்னால் இருபது கேட்கலாமாம்.

இதில் தற்செயலான ஒரு பொருத்தம் இருக்கிறது. ஏழையும் எட்டையும் பெருக்குவது எந்த மொழியிலும் தடுமாறும் இடம். 1998இல் பிரித்தானியாவின் பாடசாலைத் தரத்துக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்த ஸ்டீபன் பயர்ஸ் வானொலியில் அதே கேள்விக்கு 54 என்று விடை சொல்லிப் பத்திரிகைகளில் அகப்பட்டார். அவரது மொழி அவருக்கு எந்த உதவியும் செய்யவில்லை. எங்கள் மொழியும் அந்த இடத்தில் எங்களுக்கு உதவுவதில்லை, ஆனால் வேறு பல இடங்களில் உதவுகிறது. பதினொன்று என்ற சொல்லுக்குள்ளே பத்தும் ஒன்றும் கேட்கின்றன. இருபதுக்குள் இரண்டும் பத்தும் கேட்கின்றன. ஜெர்மனியிலும் சுவிசின் ஜெர்மன் பகுதியிலும் வளரும் எங்கள் பிள்ளைகள் எழுபத்திரண்டை 'இரண்டும் எழுபதும்' என்று தலைகீழாகச் சொல்லப் பழகவேண்டும். பாரிசில் வளரும் பிள்ளைக்கு அது 'அறுபதுபன்னிரண்டு'. எண்பத்தொன்று 'நாலிருபதொன்று'. ஒன்பதாம் வாய்பாடு சொல்லும் பிரெஞ்சுப் பிள்ளை விடைக்குள்ளேயே இன்னொரு பெருக்கலைச் சொல்லவேண்டியிருக்கிறது. தமிழிலும் முட்கள் உண்டு. தொண்ணூறுக்குள் நூறு கேட்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் கேட்கிறது. மகள் பல நாள் தொண்ணூறை நூறுக்கு மேல் வைத்தே எண்ணினாள். ஒரு மொழியில் பெருக்கப் பழகுவதென்பது அந்த மொழியின் முட்களோடும் சேர்ந்துதான்.

எங்கள் வாய்பாட்டுக்கு முன்னோர் ஒருவர் உண்டு. அதன் பெயர் எண்சுவடி. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் பாடமாக்கியது அதைத்தான். முழு எண்களின் பெருக்கம் அதில் ஒரு பகுதி மட்டுமே. முந்திரி, காணி, மா, வீசம், கால், அரை என்று பின்னங்களுக்கும் பெருக்கல் வாய்பாடுகள் இருந்தன. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. நெல்லும் பொன்னும் நிலமும் அளக்கப்படும் ஊரில் பின்னம் தெரியாமல் ஒரு நாளும் நகராது. ஒவ்வொரு வாய்பாடும் முடிந்தபின் அதன் பெருக்கற்பலன்கள் எல்லாவற்றையும் கூட்டிய மொத்தத்தையும் சேர்த்து ஞாபகத்தில் வைக்கும் முறையும் இருந்தது. இது முக்கியமான விடயம். இந்தப் பிரதிக்குள்ளேயே அதைச் சரிபார்க்கும் கருவியும் இருந்தது என்பது இதன் பொருள். எங்கேயாவது ஓர் எண் தவறினால் மொத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த விடயங்களை நான் அறிந்துகொண்டது பெரும்பாலும் செந்தில்பாபுவின் ஆய்வுகளிலிருந்து. கணிதமும் சமூகமும் என்று பொருள்படும் அவரது ஆங்கில நூலை 2022இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. திண்ணைப் பள்ளியின் மனனத்தை வெள்ளைக்கார அதிகாரிகள் இயந்திரத்தனமான கிளிப்பிள்ளைப் பாடம் என்று ஒதுக்கினார்கள். செந்தில்பாபு அதை ஏற்பதில்லை. ஞாபகம் என்பது அங்கே கற்றலின் ஒரு வழிமுறையாகவே இருந்தது என்பது அவர் வாதம். பிள்ளை பாடமாக்கியதை அன்றாடம் நிலத்தையும் நெல்லையும் அளப்பவர்களின் கணக்கோடு உரசிப் பார்த்தது. ஆனால் அவர் அங்கே நின்றுவிடுவதில்லை என்பதுதான் அவரை வாசிக்கவேண்டிய காரணம். அந்தக் கணக்கு யாருடைய கையில் இருந்தது, அளந்தவர் யார், அளக்கப்பட்ட நிலத்தில் வேலை செய்தவர் யார் என்றும் கேட்கிறார். கணக்குப்பிள்ளையின் ஞாபகத்துக்கு முன்னால் குடியானவர் கைகட்டி நின்றார். அந்தக் கணக்கு அறிவாக இருந்தது, அதிகாரமாகவும் இருந்தது.

இந்த இரண்டாவது பாதியைத்தான் எங்கள் புலம்பெயர் மேடைகள் வசதியாக மறந்துவிடுகின்றன. முந்திரி 320இல் ஒன்று என்ற பட்டியல் ஒவ்வொரு பொங்கலுக்கும் என் கைபேசிக்கு வருகிறது. நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டார்கள் பார் என்ற பெருமிதத்தோடு வருகிறது. 1826இல் தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்தின் பள்ளிகளைப் பற்றி எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகளும் 188,650 மாணவரும் கணக்கிடப்பட்டிருந்தார்கள். இந்த எண்ணையும் பெருமிதத்தோடு மேற்கோள் காட்டுவார்கள். அதே கணக்கில் பெண்பிள்ளைகள் மிகச் சொற்பம் என்பதைச் சொல்லமாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் 1920களின் முடிவில்கூட, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படிக்க சம ஆசனம் கேட்டுப் போராடவேண்டியிருந்தது. ஈரேழு பதினாலு என்று பாடிய அதே வகுப்பில் சில பிள்ளைகள் நிலத்தில் இருந்து பாடினார்கள். வாய்பாடு எல்லோருக்கும் ஒன்று, இருக்கை அப்படி அல்ல.

இங்கே வசிக்கும் எங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள இன்னொரு வரலாறும் உண்டு. அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான காப்பகம் ஒன்றின் பொறுப்பை ஏற்றார். அங்கே ஒரு 'மலபார்' பள்ளியில், பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தன் காப்பகத்துக்குக் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே நடைமுறைப்படுத்தினார். நாடு திரும்பி 1797இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரில் அது பிரித்தானியப் பள்ளிகளில் பரவியது. ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் நகரில் அவருடைய பணத்தில் எழுந்த பாடசாலையின் பெயர் இன்றும் மெட்ராஸ் கொலிஜ்தான். பிள்ளை பிள்ளைக்குக் கற்பிப்பதைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பென்று பெல் சொன்னார். திண்ணையில் சட்டாம்பிள்ளையைக் கண்டு வளர்ந்தவர்கள் அதைப் படித்தால் புன்னகைப்பார்கள். எதுவானாலும், ஏழைப் பிள்ளைகள் நிறைந்த பிரித்தானிய வகுப்பறை ஒன்று கூட்டமாகக் கணக்குச் சொல்லிப் பழகியதில் எங்கள் மணலுக்கும் ஒரு பங்கு உண்டு.

வாய்பாடு தான் பிறந்த பொருளாதாரத்தையும் தன்னுள் புதைத்து வைத்திருக்கும். இங்கிலாந்தில் ஏன் பன்னிரண்டு வரை? ஒரு சிலிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். அந்த நாணயமுறை 1971இல் ஒழிந்துவிட்டது. ஆனாலும் பன்னிரண்டாம் வாய்பாடு தேர்வில் நிற்கிறது. தமிழ்நாட்டின் வாய்பாட்டுப் புத்தகங்கள் பதினாறு வரை போகின்றன. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு 1957இல் போனது, வாய்பாடு போகவில்லை. எங்கள் ஊரில் பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அந்தப் பதினாறு இன்னும் உயிரோடு இருக்கிறது. காணி வழக்குள்ளவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

இனி என் சொந்த வாய்பாட்டைப் பற்றி ஓரிரு வார்த்தை. அது இந்த விமர்சனத்துக்கு வெளியே உள்ளதல்ல.

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரி போட்டு எரித்த ஒற்றை விளக்கு வீட்டுக்கு ஒன்று. அதன் வெளிச்சம் முதலில் சமையலுக்கு, பிறகு பரீட்சை எடுக்கவிருந்த அக்காவுக்கு. சின்னவர்களான எங்களுக்கு வெளிச்சம் தேவைப்படாத பாடம் ஒன்றுதான் இருந்தது. இருட்டில் திண்ணையில் இருந்து வாய்பாடு சொன்னோம். ஷெல் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் இறங்கி, விட்ட இடத்திலிருந்து சொன்னோம். அப்பா ஏழாறு என்பார், நாங்கள் நாற்பத்திரண்டு என்போம். அது கணக்குப் படிப்பதற்காகவா, எங்கள் குரல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பதற்காகவா என்று பிறகு யோசித்திருக்கிறேன். கடதாசியும் விளக்கும் வேண்டாத ஒரு பிரதி என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சாட்சி அது.

ஆனால் அதே வாய்பாட்டுக்கு வேறொரு முகமும் உண்டு. எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் திக்குவாய். அவள் சிலேற்றில் எழுதினால் ஒரு விடையும் பிழைக்காது. எழும்பி நின்று சொல்லச் சொன்னால் மூவேழின் மூவிலேயே நின்றுவிடுவாள். தாளம் தப்பினால் அடி விழும். அவளுக்கு ஏழு தெரியுமா என்று ஒருவரும் பார்க்கவில்லை, சொல்கிறாளா என்றுதான் பார்த்தார்கள். நாங்கள் மற்றவர்கள் அடிக்குப் பயந்து இன்னும் வேகமாகச் சொன்னோம். எங்கள் வேகம் அவளை இன்னும் தனியாக்கியது. இன்றைக்கு வாய்பாட்டின் இசையைப் பற்றி நான் எவ்வளவு உருகி எழுதினாலும் அந்தப் பிள்ளையின் முகம் நடுவில் வந்து நிற்கும். இசையாக இருந்ததால்தான் அது அவளை வெளியே தள்ளியது.

ஆகவே இங்கிலாந்தின் தேர்வை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. அது அந்தப் பிள்ளையைப் பேசச் சொல்லியிருக்காது, தட்டச் சொல்லியிருக்கும். ஒருவரும் அடித்திருக்கமாட்டார்கள். அந்த அளவில் அது எங்கள் வகுப்பைவிட இரக்கமானது. பெருக்கலை யோசிக்காமல் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பின்னால் வரும் பின்னமும் வகுத்தலும் காரணிப்படுத்தலும் இலகுவாகும் என்பதும் உண்மை. மனனம் வேண்டாம், விளங்கினால் போதும் என்று சொல்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். விளங்கிய ஒன்றை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கட்டிக்கொண்டிருக்க முடியாது. படிக்கட்டின் கீழ்ப்படி உறுதியாக இருந்தால்தான் மேல்படியில் கால் வைக்கலாம்.

என் குறை வேறு. இந்தத் தேர்வு வாய்பாட்டை வரியில்லாத பிரதியாக வாசிக்கிறது. 25 கேள்விகளும் 25 தனித்தனித் துண்டுகள். ஏழாறுக்குப் பக்கத்தில் ஏழேழு இல்லை. ஒரு விடை பிழைத்தால் அதைக் காட்டிக்கொடுக்க அடுத்த வரி இல்லை, கடைசியில் மொத்தமும் இல்லை. எண்சுவடியில் இருந்த சரிபார்ப்பு இங்கே திரைக்குப் பின்னால் போய்விட்டது. பிழையைப் பிள்ளை காண்பதில்லை, கணினிதான் காண்கிறது. இன்னொன்று, பழைய வகுப்பில் மற்றவர்களின் குரலைப் பிடித்துக்கொண்டு தெரியாதவனும் கரையேறினான். திரையின் முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் தனி. அந்த 6 வினாடியையும் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் பெருக்கி ஆங்கிலத்துக்கு மாற்றும் பிள்ளைக்கு அதில் ஒரு பகுதி மொழிபெயர்ப்பில் போய்விடும். எந்த மொழியில் வாய்பாடு பாடமானதோ அந்த மொழியிலேயே அது விரைவாக வரும் என்பது இருமொழிக்காரர் எல்லோருக்கும் தெரிந்தது. நான் லண்டனில் பல வருடமாக ஆங்கிலத்தில் வேலை செய்கிறேன், ஆங்கிலத்தில் கோபப்படவும் பழகிவிட்டேன். ஆனால் கடையில் மூன்று பொருளின் விலையைக் கூட்டிப் பெருக்கும்போது உதடு தமிழில் அசைகிறது.

அந்தக் காரணத்தாலேயே பலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். தேர்வு முடியும் வரை தமிழில் சொல்லிக் கொடுத்துப் பிள்ளையைக் குழப்பாதே என்றார்கள். ரியூசனுக்கு அனுப்பு என்றார்கள். நியாயமான கவலைதான். நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பாடசாலைக்குத் தேவையான வாய்பாடு ஆங்கிலத்திலேயே பாடமாகட்டும், அதன் வேகம் அங்கேயே வரட்டும். தமிழ் வாய்பாட்டை நாங்கள் வேகத்துக்காக அல்லாமல் வாசிப்புக்காகச் சொல்வோம். கிழமைக்கு ஒரு வாய்பாடு. சொல்லிவிட்டு, ஏன் ஈர், ஏன் மூ, ஏன் ஐ என்று பார்ப்போம். முடிவில் பழைய சுவடிக்காரர்போல மொத்தம் போடுவோம்.

இதை எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளும் செய்யலாம் என்று நினைக்கிறேன். அங்கே பிள்ளைகள் ஒன்றிலிருந்து நூறு வரை எழுத்துக்கூட்டி எழுதப் பழகுகிறார்கள், உடுப்புகளின் பெயரும் மரக்கறிகளின் பெயரும் பழகுவதுபோல. எண் அங்கே ஒரு சொற்பட்டியல், அதை வைத்து ஒன்றும் செய்வதில்லை. ஆண்டு விழாவில் தமிழ் எண்ணுருக்களை மட்டையில் வரைந்து மாட்டுகிறோம். அதைவிடப் பத்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து ஒரு வாய்பாடு சொன்னால் புணர்ச்சி இலக்கணம் தானாக வாயில் ஏறும். திக்கும் பிள்ளைக்கு எழுதும் வசதியையும் கொடுத்துவிட்டுத்தான்.

போன ஞாயிறு ஏழாம் வாய்பாட்டின் மொத்தத்தைப் போட்டோம். ஏழு, பதினாலு, இருபத்தொன்று என்று எழுபது வரை கூட்டியபோது 385 வந்தது. பிறகு எட்டாம் வாய்பாடு, 440. மகள் இரண்டு எண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கொப்பியின் ஓரத்தில் ஒன்றிலிருந்து பத்து வரை எழுதிக் கூட்டினாள், 55 வந்தது. பிறகு ஒன்றும் பேசவில்லை. இரவு பல் தீட்டிவிட்டு அறைக்குப் போகும்போது வாசலில் நின்று, "அம்மா, ஒன்பதாம் வாய்பாடு நாங்கள் இன்னும் சொல்லேல்லைத்தானே?" என்று கேட்டாள்.

"இல்லை, வாற கிழமை" என்றேன்.

"அதின்ர மொத்தம் 495" என்றாள்.